ஏழாம் இலக்கப் பொதி

உள்ளங்கையை மணந்து பார்த்துச் சம்பளம் வாங்கியவள் நான். சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. மொன்றியாலில் ஒரு பியர்த் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தேன். முதல் மூன்று வருடம் போத்தல் வரிசையில், மிச்சம் முழுக்க ஆய்வுகூடத்தில். அங்கே இப்போது இருக்கிற பிள்ளைகள் போன மாதம் தொலைபேசி எடுத்தார்கள். பியருக்குப் போடுகிற ஹொப்ஸ் பூவைத் தெரிவு செய்கிற மேசையைத் தூக்கிவிட்டார்களாம், ஒரு மெஷின் வந்துவிட்டதாம், நீங்கள் செய்த முறையை ஒருக்கா எழுதித் தாருங்கோ என்றார்கள். மெஷின் வந்தது நல்லதுதான். அதற்குக் கையும் இல்லை, வெட்கமும் இல்லை.

எழுத இருந்தால் இருப்புக் கொள்ளவில்லை. எழும்புகிறேன், தேத்தண்ணி போடுகிறேன், குடிக்காமல் ஊற்றுகிறேன். அவர்கள் கேட்டது வேலை முறையை. எனக்கு எழுத வருவதோ ஒரேயொரு பொதியைப் பற்றி. போதாக்குறைக்கு அதே கிழமை மிஸியூ றெஜானும் அழைத்துவிட்டார். என்னை ஆய்வுகூடத்துக்கு எடுத்தவர் அவர்தான். பதினொரு வருடம் எனக்கு மேலாளராக இருந்தார். அவர் வேலையை விட்டுப் போய்ப் பத்து வருடம் ஆகிறது. அதற்குள் ஒரு முறைகூட நாங்கள் கதைத்ததில்லை.

"மதாம் கௌரி, நான் வீட்டில பில்ஸ்னர் பியர் காய்ச்சப்போறன். நாலு விதமான ஹொப்ஸ் வாங்கி வைச்சிருக்கிறன். எதைப் போடுறதெண்டு தெரியேல்லை. வந்து மணந்து சொல்லுவீங்களோ?"

அவர் கதைத்தது பிரெஞ்சு. நான் எழுதுவது என் வாய்த் தமிழ். அவர் பருத்தித்துறையில் பிறந்தவர்போல் உங்களுக்குத் தெரிந்தால் அது என் குற்றம்.

வாறன் என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். இவர், என் கணவர், சோபாவில் இருந்தபடி என்னைப் பார்த்தார். உலகத்தில் இவருக்கு மட்டும்தான் அந்த விஷயம் தெரியும்.

"இனியாவது சொல்லிப்போடு. பத்து வருசமா நீயும் நித்திரை கொள்ளாமல், என்னையும் கொள்ளவிடாமல்..." என்றார்.

*

நான் அந்த வேலைக்குப் போனது ஒரு விபத்து. டவுன்டவுனில் ஒரு உணவகக் குசினியில் கோப்பை கழுவி, முதுகு போய், பிறகு போத்தல் வரிசைக்கு வந்தேன். ஒரு நாள் ஓடிக்கொண்டிருந்த போத்தல்களில் நனைந்த மட்டைப்பெட்டி மணம் வருகிறது என்று மேற்பார்வையாளரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். இரண்டு நாள் கழித்து ஆய்வுகூடமும் அதையே சொன்னது. மிஸியூ றெஜான் கீழே இறங்கி வந்து, மூன்று கிளாஸை முன்னால் வைத்து, எது வேறு என்று கேட்டார்.

"நான் குடிக்கிறேல்லை, மிஸியூ."

"குடிக்கச் சொல்லேல்லை, மதாம். மணந்து சொல்லுங்கோ."

சொன்னேன். அடுத்த மாதம் எனக்கு வெள்ளைக் கோட்டுப் போட்டுவிட்டார்கள். கோயிலில் யாராவது கேட்டால் "சாப்பாட்டுக் கொம்பனியில லாப்பில வேலை" என்று இவர் சொல்லுவார். பியர் என்ற சொல்லை இவர் வாயிலிருந்து எடுக்க என் மாமியார் உயிரோடு இருக்கும்வரை முடியவில்லை.

ஹொப்ஸ் என்பது ஒரு கொடியின் பூ. விரல் நுனி அளவில் பச்சைக் கூம்பாக இருக்கும். பியருக்குக் கசப்பையும் வாசத்தையும் கொடுப்பது அதுதான். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் தோட்டக்காரர்கள் தங்கள் விளைச்சலை அமுக்கிக் கட்டி, அதில் ஒரு துண்டை வெட்டி, மண்ணிறத் தாளில் சுற்றி அனுப்புவார்கள். அதற்குப் பொதி என்று நான் பெயர் வைத்தேன். பொதியில் தோட்டத்தின் பெயர் இருக்காது, இலக்கம் மட்டும்தான். எந்தப் பொதியை நாங்கள் தெரிவு செய்கிறோமோ, அந்தத் தோட்டத்திலிருந்து ஒரு வருடத்துக்கான ஹொப்ஸ் வரும்.

மிஸியூ றெஜானின் முறை இது. மேசை வடக்கு ஜன்னலோடு இருக்க வேண்டும். நேர்வெயில் நிறத்தைக் கெடுக்கும். மேசையில் கறுப்புத் தாளை அவரே விரிப்பார், வேறு ஒருவரையும் விடமாட்டார். பூவை முதலில் பார்க்க வேண்டும், பிறகு பிய்த்து உள்ளே இருக்கிற மஞ்சள் தூளைப் பார்க்க வேண்டும். ஒரு பிடியை உள்ளங்கையில் வைத்து மெதுவாக மூன்று தரம் உருட்டி மணக்க வேண்டும். அதன்பிறகு கை சூடேறி, பிசின் ஒட்டும்வரை அழுத்தித் தேய்த்து, மறுபடியும். நீளமாக மூச்சு இழுக்கக் கூடாது. நாய் மோப்பம் பிடிக்கிற மாதிரிச் சின்னச் சின்னதாக. முதல் மணம் பூ பொய் சொல்வது, இரண்டாவது மணம் பூ உண்மை சொல்வது என்பார் அவர்.

ஒரு பொதிக்கும் அடுத்ததற்கும் இடையில் தன் முழங்கையின் உள்பக்கத்தை மணக்க வேண்டும். சொந்த மணம்தான் பூச்சியம், அங்கிருந்து திரும்பவும் தொடங்கு என்பது கணக்கு. மற்றவர்களுக்கு அது பூச்சியம். எனக்கு அது ஒவ்வொரு முறையும் பரீட்சை.

ஏன் என்று சொல்கிறேன். போத்தல் வரிசையில் வேலை செய்த காலத்தில், என் அலுமாரிக்குப் பக்கத்து அலுமாரிக்காரி தினமும் காலையில் வாசனை ஸ்ப்ரே எடுத்து இரண்டு அலுமாரிக்கும் நடுவில் அடிப்பாள். ஒரு சொல்லும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நானும் இரண்டு சொல் திருப்பிச் சொல்லியிருப்பேன். சொல்லாமல் அடித்ததுதான் தோலுக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அடுப்பில் எண்ணெய் வைக்கமுதல் கோட்டுகளையெல்லாம் கழற்றி, பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, குளியலறை அலுமாரியில் பூட்டுகிற பழக்கம் வந்தது. பிள்ளைகள் சிரிப்பார்கள். தாளித்த மணம் ஒரு கோட்டில் ஏறினால் மெற்றோ முழுக்க என்னோடு வரும் என்று எனக்குப் பயம்.

மிஸியூ றெஜான் அப்படி இல்லை. பதினொரு வருடத்தில் என் சாப்பாட்டைப் பற்றியோ என் மணத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை, ஒரு பார்வை இல்லை. ஒரு நாள் நான் புட்டும் மீன்குழம்பும் திறந்தபோது யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். அவர் எழுந்து போய், குளிர்கிறது என்று சொல்லி மூடிவிட்டு வந்தார். அதற்காகவே அந்த மனுசனுக்கு மலையைப் பிடுங்கிக் கொடுத்திருப்பேன்.

தெரிவுக்கு இரண்டு நாள் முன்பிருந்து கோப்பி, உள்ளிப்பூண்டு, வெங்காயம், வாசனைச் சவர்க்காரம் ஒன்றும் தொடக்கூடாது. அது எல்லோருக்கும் உள்ள விதி. வீட்டில் எல்லோரும் தயிரும் பாணும். "உன்ர மூக்குக்கு நாங்கள் எல்லாரும் விரதம்" என்பார் இவர்.

*

அந்த வருடம் கோடைகாலப் பில்ஸ்னருக்கு ஹொப்ஸ் தெரிவு. பில்ஸ்னர் மெல்லிய பியர். கறுப்புப் பியரில் வறுத்த தானியத்தின் பின்னால் ஆயிரம் பிழையை ஒளிக்கலாம். பில்ஸ்னரில் ஒளிக்க இடமே இல்லை. ஹொப்ஸ் கெட்டால் கிளாஸைத் தூக்கியதுமே தெரிந்துவிடும்.

மேசையில் பத்துப் பொதிகள். நாங்கள் மூன்று பேர்: மிஸியூ றெஜான், நான், கொள்வனவுப் பிரிவிலிருந்து வந்த ஒருவர். அந்த ஆளுக்கு நல்ல தடிமன். மூக்கைச் சிந்திச் சிந்தி எல்லாவற்றுக்கும் நல்லது என்று போட்டுக்கொண்டிருந்தார்.

அன்று செவ்வாய்க்கிழமை. ஞாயிற்றுக்கிழமை மச்சாளின் மகளுக்குப் பிறந்தநாள். இருநூறு மட்டன் ரோல்ஸ் செய்தோம். வெங்காயத்தில் நான் கைவைக்கவில்லை. மச்சாள் உரித்தாள், நான் அடுத்த மேசையில் இருந்து ரோல்ஸ் சுற்றினேன். சுற்றும்போதும் கையுறை போட்டிருந்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு தரம் தலைக்குக் குளித்தேன்.

ஏழாம் இலக்கத்தை மெதுவாக உருட்டினேன். எலுமிச்சைத் தோல், உலர்ந்த புல், கொஞ்சம் மிளகு. எனக்கு வாயே ஊறியது. பிறகு அழுத்தித் தேய்த்தேன். வெங்காயம். வெட்டி ஒரு மணித்தியாலம் வைத்த வெங்காயம்.

என் கைதான் என்று நினைத்தேன். வேறு ஒன்றும் நினைக்கவில்லை, அதுதான் வெட்கக்கேடு. எழுந்து போய்க் கையைக் கழுவினேன். திரும்பி வந்து புதிதாக ஒரு பிடி எடுத்துத் தேய்த்தேன். மறுபடியும் வெங்காயம். மறுபடியும் எழுந்து போய், உலோகக் குழாயில் விரல்களைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். திரும்பியபோது மிஸியூ றெஜான் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். எல்லோரும் எழுதித் தாளைக் கவிழ்க்கும்வரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது, முகம் சுளிக்கவும் கூடாது என்பது அவருடைய விதி. நானும் திறக்கவில்லை. தாளின் கடைசிக் கட்டத்தில் "குறிப்பு" என்று இருக்கும். அதை வெறுமையாக விட்டேன். முதல் மணத்துக்கு உரிய நல்ல புள்ளியைப் போட்டேன்.

எட்டு, ஒன்பது, பத்து. தாள்களைத் திருப்பினோம். மூன்று பேருக்கும் ஏழாம் இலக்கம்தான் முதலாவது. ஒருவருடைய குறிப்புக் கட்டத்திலும் ஒன்றும் இல்லை.

பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது மண்டையில் அடித்த மாதிரி விளங்கியது. என் கை மணத்திருந்தால் எட்டாம் இலக்கத்திலும் மணத்திருக்க வேண்டுமே! ஒன்பதிலும் மணத்திருக்க வேண்டுமே! அவை சுத்தமாக இருந்தன. ஹொப்ஸைப் பிந்திப் பறித்தால் வெங்காய மணம் வரும் என்று எனக்குப் படிப்பித்தவரே மிஸியூ றெஜான்தான். வந்த பஸ்ஸை விட்டேன். ஆய்வுகூட ஜன்னலில் இன்னும் வெளிச்சம் தெரிந்தது. திரும்பிப் போய்ச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். ஆனால் ஏன் அப்போதே சொல்லவில்லை என்று அவர் கேட்பார். என் கை நாறுகிறது என்று நினைத்தேன் என்று சொல்ல வேண்டும். ஜன்னலை மூடிய மனுசனிடம் அதை எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்த மூன்று பாஷையிலும் அந்த வசனம் வாயில் வரவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அடுத்த நாளும் சொல்லவில்லை. அதற்கு அடுத்த கிழமை ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. ஒருவேளை காய்ச்சும்போது மணம் போய்விடும் என்று நானே எனக்குக் கதை சொன்னேன்.

போகவில்லை. வசந்தத்தில் முதல் தொட்டியைத் திறந்து ருசி பார்த்தவர், இது வெங்காய சூப்பா என்று கேட்டார். தொட்டி தொட்டியாகச் சாக்கடையில் ஊற்றினார்கள். கடைக்குப் போனது திரும்பி வந்தது. விசாரணை வந்தபோது மிஸியூ றெஜான் ஒரே வசனம்தான் சொன்னார்: "கடைசி முடிவு என்னுடையது." கோடை முடியமுதல் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஓய்வு என்று பெயர் வைத்து, கேக் வெட்டி, கை தட்டினார்கள். நானும் தட்டினேன். நினைத்தால் இப்போதும் கை எரிகிறது.

அவருடைய கதிரையில் என்னை இருத்தினார்கள். எட்டு வருடம் இருந்தேன். நான் செய்த முதல் வேலை, குறிப்புக் கட்டத்தைத் தாளின் தலைக்குக் கொண்டுவந்ததுதான். உன் கை, உன் சட்டை, உன் சாப்பாடு என்று சந்தேகம் இருந்தாலும் மணந்ததை எழுது, பிறகு பார்ப்போம் என்று எல்லோருக்கும் சொன்னேன். நல்ல விதி என்று புகழ்ந்தார்கள். எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

*

மிஸியூ றெஜான் இருக்கிற லொங்குய்ய் போகிற மஞ்சள் மெற்றோவில், ஆற்றுக்குக் கீழே போகும்போதுதான் கவனித்தேன்: காலையில் மதியச் சம்பலுக்கு வெங்காயம் உரித்திருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு விரதம் எல்லாம் போய்விட்டது. கையை மணந்தேன். இருந்தது. திரும்பிப் போவோமா என்று நினைத்தேன். இறங்குகிற இடத்தில் இறங்கி, படியில் நின்று, பிறகு நடந்தேன். ஹொப்ஸைத் தொடமுதல் சொல்லிவிட வேண்டும், வாசலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று மனதுக்குள் பிரெஞ்சு வசனத்தைக் கோத்துக்கொண்டே போனேன்.

அவர் வாசலில் நின்றார். தலை முழுக்க நரைத்து, இன்னும் மெலிந்திருந்தார். சொல்ல விடவில்லை. நேரே குசினிக்குக் கூட்டிப்போனார். வடக்கு ஜன்னலோடு மேசை, கறுப்புத் தாள், நாலு பொதி, இரண்டு தாள், இரண்டு பென்சில். கடையில் மாத்திரை மாதிரிக் குளிசையாக அமுக்கிய ஹொப்ஸ்தான் சுகமாகக் கிடைக்கும். இந்த மனுசன் தேடிப்பிடித்து முழுப் பூவாக வாங்கியிருந்தார். அடுப்பில் பெரிய பானை ஒன்று, தானியச் சாற்றோடு கொதிக்கத் தொடங்கியிருந்தது. முகமன் இல்லை, கதை இல்லை. அவர் இருந்தார், நானும் இருந்தேன். வாய் திறக்கக் கூடாது என்ற விதி வந்துவிட்டது.

ஒன்றாம் பொதி பழையது, பாலாடைக்கட்டி மணம். இரண்டாவது ஜெர்மன் பூ. அடக்கமாக, கொத்தமல்லியும் ஈரப்புல்லும் மாதிரி, தேய்க்கத் தேய்க்க ஒன்றையும் ஒளிக்காமல் இருந்தது. மூன்றாவதை மெதுவாக உருட்டினேன், நல்லது. அழுத்தித் தேய்த்தேன்.

"வெங்காயம்" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "எனக்கும்" என்றார். என் கையைப் பார்த்தார். "இந்த முறை நீங்கள் கை கழுவ எழும்பேல்லை."

கையில் இருந்த பூவைக் கறுப்புத் தாளில் கொட்டினேன். "அண்டைக்கு உங்களுக்கும் மணந்ததோ?"

"ஏழாம் இலக்கம். ஓம், மணந்தது. நீங்கள் எழும்பிப் போய்க் கை கழுவினீங்கள். திரும்பவும் போனீங்கள். மணம் பக்கத்தில இருக்கிற மதாமின்ர கையிலயிருந்துதான் வருது, பாவம், அவவுக்கே தெரிஞ்சிட்டுது எண்டு நினைச்சன். குறிப்பு எழுதினால் எல்லாருக்கும் முன்னால உங்களுக்கு அவமானம். அதாலை எழுதேல்லை."

பத்து வருடமாக மன்னிப்புக் கேட்கக் காத்திருந்தவள் நான். எனக்கு வந்தது ஆறுதல் இல்லை, கோபம். அலுமாரிக்காரி ஸ்ப்ரே அடித்தாள், இவர் மரியாதையாக இருந்தார், இரண்டு பேரும் நினைத்தது ஒன்றுதான். அந்த ஜன்னலை மூடியபோதும் அவருக்கு மணந்திருக்கிறது.

"மிஸியூ, என்ரை கையெண்டு ஏன் நினைச்சீங்கள்? பிந்திப் பறிச்ச ஹொப்ஸ் எண்டு ஏன் நினைக்கேல்லை? எனக்குப் படிப்பிச்சதே நீங்கள்தானே!"

நான் விடவில்லை, வந்த கோபத்தில் மிச்சத்தையும் கொட்டினேன். எனக்கும் மணந்தது, நானும் என் கை என்றுதான் நினைத்தேன், அன்றைக்கே பஸ் தரிப்பிடத்தில் பிழை என்று தெரிந்துவிட்டது, உங்கள் ஜன்னலில் வெளிச்சம் இருந்தது, நான் வரவில்லை, உங்கள் கதிரையில் எட்டு வருடம் இருந்தேன்.

"அண்டைக்கே தெரியுமோ?" என்று கேட்டார். முகம் மாறிவிட்டது. எழுந்து போய்ப் பானையைக் கிண்டத் தொடங்கினார். கிண்டத் தேவையில்லாத பானை. அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோட்டை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று இரண்டு தரம் எழும்பினேன், இரண்டு தரமும் இருந்தேன்.

மூன்றாம் தரம் எழும்பி, அவரிடம் போய், இடது கையின் விரல் நுனிகளை நீட்டினேன். உள்ளங்கையில் தேய்த்த ஹொப்ஸ் அங்கே படவில்லை.

"மணந்து பாருங்கோ."

"மதாம்..."

"மணவுங்கோ. காலமை வெங்காயம் உரிச்சனான். இருக்கு. பயப்பிடாமல் மணவுங்கோ."

அவர் கரண்டியை வைத்துவிட்டுக் குனிந்தார். சின்னச் சின்னதாக மூன்று மூச்சு, பழைய மாதிரியே. பிறகு மேசைக்குப் போய் மூன்றாம் பொதியில் ஒரு பிடி எடுத்துத் தேய்த்து மணந்தார். திரும்பி வந்து மறுபடியும் என் கை.

"இது இனிப்பு வெங்காயம். அது உள்ளியும் நெருப்புக்குச்சியும் கலந்த மாதிரி. ரெண்டும் ஒண்டில்லை" என்றார். "கிட்டவும் இல்லை."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அன்றைக்கும் அவ்வளவுதான் ஆகியிருக்கும். அவர் கதிரையை இழுத்து இருந்து, முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். கையில் இருந்த பிசின் கண்ணாடியில் ஒட்டியது. நான் துணி எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் யார் முதலில் என்று அதற்கும் ஒரு தாள் வைத்துப் புள்ளி போட வேண்டியிருக்கும்.

நாலாம் பொதியைத் தேய்க்கவேயில்லை. "ரெண்டாவதைப் போடுங்கோ" என்றேன். போட்டார். குசினி முழுக்க ஈரப்புல் மணம் எழும்பியது. ஆறு கிழமையில் தயார், குடிக்க வருவீர்களா என்று கேட்டார். குடிக்கமாட்டேன், மணந்து பார்க்க வாறன் என்றேன்.

வீட்டுக் கதவைத் திறந்தபோது இவர் அடுப்பில் வெங்காயம் தாளித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பிளாஸ்டிக் பையோடு ஓடி வந்தார்.

"சொன்னியோ?"

"ஓம்."

"கோட்டைக் கழட்டித் தா, அடுப்பு எரியுது, மணம் ஏறப்போகுது."

கோட்டைக் கழற்றி, குசினிக் கதவுக்குப் பக்கத்தில் இருந்த கொளுவியிலேயே கொளுவினேன்.

"அது அதிலையே கிடக்கட்டும்" என்றேன்.